கம்பளத்துக்கு அடியில் என்ன மரம்? பேஸ் கேபினெட் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பேஸ் கிட்டாருக்கான ஆம்ப்ளிஃபையர்களையும் ஸ்பீக்கர் கேபினெட்டுகளையும் செய்து விற்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

புதிதாக பேஸ் வாசிக்க வந்த ஒருவர், இந்தப் பெட்டியின் மேல் எதற்காகக் கம்பளம் ஒட்டியிருக்கிறார்கள் என்று கேட்டால், பக்கத்தில் நிற்பவர் பெரும்பாலும் தயங்காமல் பதில் சொல்லிவிடுவார்: "அதிர்வை உறிஞ்சத்தான்." கடைக்காரரும் அதையே சொல்வார். விளம்பரத் தாள்களில் சில அப்படி வெளிப்படையாக எழுதுவதில்லை. ஆனால் கம்பளத்தைப் பற்றிய வரியை ஒலித்தரத்தைப் பற்றிய வரிகளுக்கு நடுவில் செருகிவிட்டு, வாசகர் தாமாகவே அந்த முடிவுக்கு வரட்டும் என்று விட்டுவிடுகின்றன. மேடை மேடையாக இந்தப் பெட்டிகளைத் தூக்கிச் செல்பவன், பழுதானவற்றைப் பிரித்துப் பார்ப்பவன் என்ற முறையில் உங்களிடம் கேட்க எனக்குச் சில விஷயங்கள் இருக்கின்றன. கம்பளத்தை ஒழித்துவிடுங்கள் என்பது அவற்றில் ஒன்றல்ல.

முதலில் அந்த அதிர்வுக் கதையைத் தீர்த்துவிடுவோம். நான்கு தந்தி பேஸில் மிகத் தடித்த தந்தியான 'இ', 41.2 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. வகுத்துப் பார்த்தால் அந்தச் சுரத்தின் அலைநீளம் ஏறத்தாழ 8.3 மீட்டர். ஐந்து தந்தி பேஸின் 'பி' தந்திக்கு அது 11 மீட்டரைத் தொடுகிறது. நார்ப்பொருள் ஒன்று ஓர் ஒலியலையை நன்றாக விழுங்க வேண்டுமானால், அதன் தடிமன் அலைநீளத்தின் கால்பங்கை நெருங்க வேண்டும். 'இ' தந்திக்கே இரண்டு மீட்டர் தடிமன் தேவைப்படும். நீங்கள் ஒட்டுவதோ சில மில்லிமீட்டர். கேபினெட்டின் பக்கச்சுவர் அதிர்வதை அது தடுக்கும் என்பதும் நடக்காத காரியம். 15 அல்லது 18 மில்லிமீட்டர் ப்ளைவுட்டுக்கு முன்னால் அந்தத் துணியின் எடையும் விறைப்பும் ஒரு பொருட்டே அல்ல. சுவர் அதிரக் கூடாதென்றால் உள்ளே குறுக்குச் சட்டம் வைக்க வேண்டும். நல்ல நிறுவனங்கள் வைக்கின்றன.

உயர்ந்த அதிர்வெண்களில் நிலைமை கொஞ்சம் மாறும். 5,000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 7 சென்டிமீட்டருக்கும் குறைவு. அங்கே மெல்லிய கம்பளமும் சிறிதளவு வேலை செய்யத் தொடங்கும். உயர்ந்த ஒலிகளுக்கென உள்ள சிறிய ஸ்பீக்கரான ட்வீட்டரைச் சுற்றி முன்பலகையில் ஒட்டினால், விளிம்புகளில் பட்டுச் சிதறும் ஒலி ஓரளவு தணியலாம். ஆனால் நீங்கள் கம்பளம் ஒட்டுவது பெரும்பாலும் பக்கங்களிலும் மேலும் கீழும் பின்னும்தான். அந்த உயர்ந்த ஒலி முன்னோக்கிச் செல்கிறது. முதுகில் போர்த்திய போர்வைக்கு அங்கே என்ன வேலை?

பெட்டிக்கு உள்ளே வைக்கும் பாலியெஸ்டர் பஞ்சையோ கண்ணாடி நாரையோ நான் இதோடு சேர்த்துப் பேசவில்லை. அது வேறு கதை. உள்ளே எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே அரை மீட்டர் இருந்தால், ஏறத்தாழ 343 ஹெர்ட்ஸில் ஒலி முன்னும் பின்னும் மோதி ஒரு நிலையலையாக நின்றுவிடும். அதை அடக்க உள்பஞ்சு உண்மையிலேயே உதவுகிறது. உள்ளே இருக்கும் பஞ்சின் பெருமையை வெளியே இருக்கும் கம்பளம் எடுத்துக்கொண்டதால்தான் இந்த நம்பிக்கையே பிறந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படியென்றால் உண்மையான காரணம் என்ன? உங்களுக்குத் தெரியும். பட்டறையில் வேலை எளிதாகிறது.

ஒரு பெட்டிக்கு வினைல் என்ற நெகிழி உறையைப் போர்த்துவதைப் பாருங்கள். விளிம்புகளை ரவுட்டர் என்ற செதுக்கும் கருவி போட்டு உருட்ட வேண்டும். திருகுத் தலைகளின் குழிகளை மக்கு வைத்து நிரப்பித் தேய்க்க வேண்டும்; இல்லாவிட்டால் ஒவ்வொரு குழியும் மேலே தெரியும். மூலைகளில் மடிப்பு பிசகாமல் வெட்ட வேண்டும். காற்றுக் குமிழி விழக் கூடாது. இரண்டு துண்டுகள் சேரும் கோடு காலப்போக்கில் சுருங்கி விலகக் கூடாது. வண்ணம் பூசுவதென்றால் பலகை இன்னும் வழவழப்பாக இருக்க வேண்டும். பூச்சுக்குப் பூச்சு காயவும் விட வேண்டும். இவை எல்லாமே கைத்தேர்ச்சி, நேரம், பட்டறையில் இடம்.

கம்பளத்துக்கு இதில் எதுவும் அதிகம் தேவையில்லை. இந்தத் தொழிலில் பயன்படுவது நெய்த கம்பளமே அல்ல. ஊசிகளால் குத்திக் குத்திப் பின்னவைத்த செயற்கை நார் விரிப்பு அது. எந்தப் பக்கம் இழுத்தாலும் சற்று நீளும், மூலையில் வளைந்து கொடுக்கும், வெட்டிய ஓரம் பிரியாது. பலகையிலும் துணியிலும் பசையைத் தெளித்து, தொட்டால் ஒட்டும் பதம் வந்ததும் உருட்டி அழுத்தினால் போதும். இரண்டு ஓரங்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு, கூரிய பிளேடால் இரண்டையும் ஒரே கோட்டில் அறுத்து, மிச்சத்தை உருவிவிட்டு விரலால் தேய்த்துவிட்டால் இணைப்பு எங்கே என்று தேட வேண்டியிருக்கும். பலகையின் பொத்தல், பிசகிய மூலைப் பொருத்தம், வழிந்த பசை, துளையில் ஆழம் தப்பிய திருகு எல்லாம் உள்ளே போய்விடும். மரவேலையைப் பத்து வயதிலிருந்து பழகியவர் செய்த பெட்டியும், நேற்று வேலைக்குச் சேர்ந்தவர் செய்த பெட்டியும் கம்பளத்துக்கு மேலே ஒன்றுபோலத்தான் தெரியும்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெட்டியின் உடை எப்போதுமே காலத்தின் வசதிக்கேற்ப மாறி வந்திருக்கிறது. 1951-இல் ஃபெண்டர் நிறுவனம் பிரிசிஷன் பேஸ் என்ற மின்சார பேஸ் கிட்டாரைக் கொண்டுவந்தது. மறுஆண்டு அதற்கென வெளிவந்த பேஸ்மேன் என்ற ஆம்ப்ளிஃபையர், பயணப்பெட்டிகளுக்குப் போர்த்தும் முரட்டுத் துணியை அணிந்திருந்தது. 1960-ஐ ஒட்டி டோலக்ஸ் என்ற வினைல் வந்தது. பேஸுக்குக் கம்பளம் வந்த வழி இன்னும் சுவையானது. 1970-களின் இறுதியிலும் 80-களிலும் பேஸ் வாசிப்பவர்கள் கிட்டார் ஆம்ப் குடும்பத்திலிருந்து விலகி, பி.ஏ. எனப்படும் அரங்க ஒலிபெருக்கிகளைப் போல முழு அலைவரிசையும் தெளிவாகக் கேட்கும் பெட்டிகளைத் தேடினார்கள். இங்கிலாந்தின் ட்ரேஸ் எலியட், பி.ஏ. சாதனங்களை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த ஓர் இசைக்கருவிக் கடையிலிருந்து முளைத்த நிறுவனம்தான். அரங்க ஒலிபெருக்கிகள் லாரியில் ஏறி இறங்கி இடிபடுபவை. அவற்றுக்குப் பழக்கமான உடையே கம்பளம். நான்கு பத்து அங்குல ஸ்பீக்கரும் ஒரு ட்வீட்டரும் கொண்ட பேஸ் பெட்டி அந்தக் குடும்பத்தின் வாரிசு. பாட்டன் சட்டையையும் சேர்த்தே வாங்கிக்கொண்டது. கிட்டார்க்காரர்கள் பழைய தோற்றத்தை விடமாட்டார்கள் என்பதால் அவர்கள் பெட்டிகளில் வினைல் தங்கிவிட்டது.

உழைப்பிலும் கம்பளத்துக்குச் சில நல்ல குணங்கள் உண்டு. வினைலில் ஒரு கீறல் விழுந்தால் அது கீறலாகவே இருக்கும். கம்பளத்தில் கையால் தடவினால் மறைந்துவிடும். பெட்டி மேல் பெட்டி அடுக்கும்போது வழுக்காது, ஒன்றோடொன்று உரசிச் சடசடக்காது. சொல்லப்போனால் ஒலியோடு தொடர்புள்ள ஒரே உண்மையான நன்மை இந்தச் சடசடப்பு இன்மைதான். அதை ஏன் யாரும் விளம்பரத்தில் எழுதுவதில்லை என்று எனக்குப் புரியவில்லை. வெல்க்ரோவின் சொரசொரப்பான பக்கம் அதில் பிடித்துக்கொள்வதால், சுருட்டிய கேபிளைப் பெட்டியின் முதுகிலேயே ஒட்டி வைக்கவும் முடிகிறது. ஆனாலும் கம்பளம் இல்லாவிட்டால் பெட்டி பிழைக்காது என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆம்பெக் நிறுவனம் 1969-இல் தொடங்கிய எஸ்.வி.டி. என்ற பேஸ் ஆம்ப் வரிசையின் எட்டு ஸ்பீக்கர் பெட்டி 60 கிலோவைத் தாண்டும். வினைல் உடுத்திக்கொண்டே உலகம் சுற்றியது அது. பின்புறம் கைப்பிடிக் கம்பியும் சாய்த்துத் தள்ளச் சக்கரங்களும் வைத்திருந்தார்கள். தரையில் இழுத்துத் தேய்க்கும் தேவையே குறைந்துவிட்டது.

இனி என் மனக்குறை. கம்பளம் எதை மறைக்கிறது என்பதுதான் அது. நான் பிரித்துப் பார்த்த பெட்டிகளில் பலவற்றின் மரம் பச்சையாகவே இருந்தது. ஒரு பூச்சுக்கூட இல்லை, மரத்தின் மேல் நேராகப் பசை. மேடையில் யாரோ கொட்டிய பானமோ, திறந்த வண்டியில் நனைந்த மழையோ நார்களுக்கு இடையே தங்கிவிடுகிறது. வினைல் என்றால் துடைத்துவிடலாம். கம்பளம் மேலே உலர்ந்ததுபோல் தெரியும்போதும் அடியில் ஈரம் இருக்கும். ப்ளைவுட் சில காலம் தாங்கும். துகள்பலகையோ, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையோ என்றால் கீழ் விளிம்பு ஊறி உப்பும். உப்பியது மீண்டும் வற்றாது. திருகு பிடிப்பை இழக்கும். மூலைப் பொருத்தம் வாய் பிளக்கும். அந்தப் பிளவில் காற்று கசியத் தொடங்கியதும் ஒலி உண்மையாகவே கெடுகிறது. மூடிய பெட்டியில் கசிவு சீறும். காற்றுத் துளை வைத்த பெட்டியில் அடித்தொனி வலுவிழக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. உரிமையாளர் ஸ்பீக்கர் போய்விட்டதென்று புதிய ஸ்பீக்கர் வாங்கி மாட்டுவார். கசிவு அப்படியே இருக்கும்.

ஈரமே படாத பெட்டியிலும் கசிவு வரலாம். கைப்பிடிக் குழி, கேபிள் செருகும் ஜாக் தட்டு, ஸ்பீக்கரின் விளிம்பு ஆகியவற்றுக்கு அடியில் கம்பளத்தை வெட்டி ஒதுக்காமல் அதன் மேலேயே திருகிவிடுகிறார்கள். அந்த விரிப்பு காற்றை விடும் பொருள். எத்தனை இறுக்கினாலும் நார்களின் ஊடாகக் காற்று போகும். பிறகு யாராவது சக்கரம் பொருத்த நினைத்துத் துளையிட்டால் நார் துரப்பணத்தில் சுற்றிக்கொண்டு ஒரு நீளக் கோட்டையே உரித்து எடுத்துவிடும். முதலில் பிளேடால் வெட்டிவிட்டுத் துளையிட வேண்டும் என்று கையேட்டில் ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

நான் கேட்பது இவ்வளவுதான். பசை தெளிப்பதற்கு முன் மரத்தின் எல்லாப் பக்கங்களுக்கும், முக்கியமாக வெட்டிய விளிம்புகளுக்கு, ஈரம் புகாத ஒரு பூச்சு கொடுங்கள். தரையில் உட்காரும் அடிப்பலகையில் கம்பளமே வேண்டாம். அங்கே வண்ணமும் நல்ல ரப்பர் கால்களும் போதும். பொருத்தும் உறுப்புகளுக்கு அடியில் கம்பளத்தை ஒதுக்கிவிட்டு மெத்துப்பட்டை வையுங்கள். எந்த மரம், எத்தனை மில்லிமீட்டர் என்று விவரத்தாளில் எழுதுங்கள். ஸ்பீக்கரின் வாட்டைப் பெரிய எழுத்தில் போடுகிற உங்களுக்கு இது கடினமாக இருக்காது. கம்பளம் ஏன் என்ற இடத்தில், 'விலையைக் குறைக்கவும் கீறல் தெரியாமல் இருக்கவும்' என்று எழுதுங்கள். அதைப் படித்துவிட்டு யாரும் வாங்காமல் போகமாட்டார்கள்.

கெட்டியான சொரசொரப்புப் பூச்சைத் தெளிப்பானால் அடிக்கும் முறைக்கு உங்களில் பலர் இப்போது மாறிவிட்டீர்கள். ஸ்பீக்கர்களில் எடை குறைந்த நியோடிமியம் காந்தம் வந்து பெட்டிகள் இலேசான பிறகு இழுத்துத் தேய்ப்பதும் குறைந்திருக்கிறது. அந்தப் பூச்சு பெயர்ந்தாலும் தூரிகையால் ஒட்டுப்போட முடிகிறது. மாறாதவர்கள் இன்னும் பல ஆண்டுகள் கம்பளத்திலேயே இருப்பார்கள்; இருக்கட்டும். அவர்களிடம் கடைசியாக ஒன்று: பெட்டியோடு அதே விரிப்பில் ஒரு முழம் சுருட்டிக் கொடுத்து அனுப்புங்கள். கருப்பு என்று பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொரு உருளையின் கருப்பும் வேறாக இருக்கிறது. மூலையில் கிழிந்த இடத்துக்கு ஒட்டுப்போட்டால் அது அரங்கின் கடைசி வரிசை வரை தெரிகிறது.

இப்படிக்கு,
உங்கள் பெட்டிகளைச் சுமக்கும் ஒரு பேஸ் வாசிப்பவன்