துரத்த வந்த நாய்

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. இடது கண்ணில் புரை எடுத்தார்கள், சொட்டு மருந்து விட்டுக்கொண்டு சும்மா இரு என்று உத்தரவு. அதனால் கருப்பன் போன சேதியை நான் படிக்கவில்லை, சரோஜாதான் வாசித்தாள். பாதியில் அவளுக்குக் குரல் வரவில்லை. நீ வீடு கட்டியபோது வந்த குட்டி அது. உன் செருப்பைத் தவிர வேறு யார் செருப்பையும் கடிக்காத நாய்.

கடைசி நாளில் அது உன்னைப் பார்த்து ஏதோ யோசித்த மாதிரி இருந்தது என்று எழுதியிருந்தாய். நாய் யோசிக்குமா என்றும் கேட்டிருந்தாய். அது எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் ஒரு நாய் யோசிப்பதை இந்த மூன்று வாரமும் தினமும் பார்த்தேன். நிஜ நாய் இல்லை, படம் வரைந்த நாய். பேரன் விடுமுறைக்கு வந்திருக்கிறான். என் கண்ணுக்குத் துணையாக இருக்கச் சொன்னால், போனை என் மூக்குக்கு நேராக நீட்டிப் பழைய கறுப்பு வெள்ளை மிக்கி மவுஸ் படங்களாகப் போட்டுக்கொண்டிருந்தான். புளூட்டோ ஞாபகம் இருக்கிறதா? நீளக் காது, ஒல்லி வால்.

அது மிக்கியின் நாயாகப் பிறக்கவில்லை தெரியுமா? 1930-ல் வந்த ‘தி செயின் கேங்’ படத்தில் மிக்கி கைதி. காலில் சங்கிலியும் குண்டும். தப்பி ஓடுகிறான். அவனைப் பிடிக்க இரண்டு மோப்ப நாய்களை ஏவுகிறார்கள். தரையை முகர்ந்துகொண்டே வந்து மூக்கை நம் முகத்துக்கே கொண்டுவருகின்றன. புளூட்டோவின் பூர்வாசிரமம் அதுதான். பெயர்கூடக் கிடையாது. அதே வருஷம் ‘தி பிக்னிக்’ படத்தில் மிக்கியின் சிநேகிதி மின்னியின் நாயாக வருகிறது, பெயர் ரோவர். திரும்பி வரும் வழியில் மழை பிடித்துக்கொள்ள, காரின் கண்ணாடியைத் துடைப்பது அதன் வால். இந்த இடத்தில் பேரன் ஒவ்வொரு தடவையும் கைதட்டுவான். 1931-ல் ‘தி மூஸ் ஹன்ட்’ வந்தபோதுதான் மிக்கியின் நாய் ஆனது, புளூட்டோ என்ற பெயரும் வந்தது. அதற்கு முந்தைய வருஷம்தான் அரிசோனாவில் புளூட்டோ கிரகத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். கிரகத்தின் பதவி 2006-ல் பறிபோனது. நாயின் பதவிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த ‘மூஸ் ஹன்ட்’டில் ஒரு கூத்து. நாயைத் தானே சுட்டுவிட்டதாக நினைத்து மிக்கி, ஏதாவது பேசு, பேசு என்று அழுகிறான். செத்தது போல் கிடந்த நாய் வாயைத் திறந்து, முத்தம் கொடு என்கிறது! எனக்கு இது பிடிக்கவில்லை. பேசியதும் அது நாயாக இல்லை, நாய் வேஷம் போட்ட ஆளாகிவிட்டது. படம் எடுத்த டிஸ்னிக்காரர்களுக்கும் அப்படித் தோன்றியிருக்க வேண்டும். பிற்பாடு அதை ஊமையாகவே விட்டுவிட்டார்கள். குரைக்கும், முனகும், மூச்சிரைக்கும், அவ்வளவுதான். பேச்சைப் பிடுங்கிக்கொண்டதால் மனசில் இருப்பதை எல்லாம் முகத்தில் காட்ட வேண்டியதாயிற்று.

நான் சொல்ல வந்த படம் ‘பிளேஃபுல் புளூட்டோ’, 1934. இயக்கியவர் பர்ட் ஜில்லெட். கதை என்று பெரிதாக எதுவும் இல்லை. மிக்கி தோட்டத்தைச் சுத்தம் செய்கிறான், நாய் விளையாடிக் கெடுக்கிறது. அப்புறம் வீட்டுக்குள் ஈத் தொல்லை. பசை தடவிய காகிதத்தை விரித்து வைக்கிறான். இப்போது எலிக்கு வைக்கிறோமே அட்டை, அதற்குத் தாத்தா மாதிரி. அதில் புளூட்டோ மாட்டிக்கொள்கிறது. மூக்கில் ஒட்டியதைக் காலால் இழுத்தால் காலோடு வருகிறது. காலை விடுவித்தால் இன்னோர் இடத்தில் ஒட்டுகிறது.

இதில் என்ன சிரிப்பு என்பாய். மாணிக்கம், ஒவ்வொரு தடவையும் அந்த நாய் ஒரு நொடி நிற்கிறது. ஒட்டியிருப்பதைப் பார்க்கிறது. புருவம் சுருங்குகிறது. ஒரு வழி தோன்றுகிறது, முகம் தெளிகிறது, செய்து பார்க்கிறது, மறுபடியும் மாட்டுகிறது. அந்த நிற்கும் ஒரு நொடிதான் எல்லாம். அதுவரை கார்ட்டூன் என்றால் ஓட்டம், அடி, விழுதல். இங்கே மண்டைக்குள் நடப்பது வெளியே தெரிகிறது. அதை வரைந்தவர் நார்மன் ஃபெர்குசன் என்பவர். முறையாக ஓவியம் படித்தவர் இல்லை. கரடுமுரடாக வேகமாகக் கிறுக்கித் தள்ளுவாராம், உதவியாளர்கள் கோட்டைச் சுத்தம் செய்வார்களாம். அன்றைக்கு ‘செயின் கேங்’கில் அந்த மோப்ப நாய்களை வரைந்தவரும் இவரே. வெப் ஸ்மித் என்ற கதைக்காரர் கொடுத்த யோசனை இந்தப் பசைக் காகிதம்.

இன்னொன்று கேள். 1941-ல் பிரெஸ்டன் ஸ்டர்ஜஸ் எடுத்த ‘சலிவன்ஸ் டிராவல்ஸ்’ என்ற படம். வறுமையைப் பற்றிப் பெரிய படம் எடுக்கப்போகிறேன் என்று கிளம்பிய சினிமா இயக்குநர் ஒருவன் கடைசியில் சங்கிலிக் கைதியாகிவிடுகிறான். ஒரு ராத்திரி ஏழைக் கறுப்பின மக்களின் தேவாலயத்துக்குக் கைதிகளைக் கூட்டிப்போகிறார்கள். அங்கே திரை கட்டிப் போடுவது இந்தப் பசைக் காகிதக் காட்சியைத்தான். சங்கிலியோடு உட்கார்ந்து எல்லோரும் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார்கள், அவனும் சிரிக்கிறான். சங்கிலிக் கைதியைத் துரத்த வந்த நாய், பத்துப் பதினோரு வருஷம் கழித்துச் சங்கிலிக் கைதிகளைச் சிரிக்க வைக்கிறது. ஸ்டர்ஜஸ் இதை நினைத்துத்தான் செய்தாரா? இருக்காது என்றே நினைக்கிறேன். எனக்குத் தோன்றியதை உனக்குச் சொல்கிறேன்.

விசுவாசம் என்று நீ எழுதியதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். ‘தி மேட் டாக்’ என்று 1932 படம். குளிப்பாட்டும்போது புளூட்டோ சோப்பை விழுங்கிவிடும். வாயில் நுரை. வெறிநாய் என்று ஊரே ஓட, நாய் பிடிப்பவன் துப்பாக்கியோடு வருகிறான். குறுக்கே போய் நிற்பது மிக்கி. நாயின் விசுவாசத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். கருப்பனுக்குப் பின்னங்கால் விழுந்த பிறகு எட்டு மாதம் அவனைத் தூக்கிக்கொண்டு போய்த் தோட்டத்தில் விட்டுத் தூக்கி வந்தது யார்? மருமகள் முகம் சுளித்ததும் எனக்குத் தெரியும், நீ எழுதாவிட்டாலும்.

சரி. நேற்று பேரன் ஒரு சோதனை செய்தான். வாசலில் படுத்திருக்கும் தெரு நாயின் மூக்கில் செல்லோடேப் துண்டு ஒன்றை ஒட்டிவிட்டு, யோசிக்கிறதா பார் தாத்தா என்று என்னையும் இழுத்து உட்கார வைத்தான். அது முன்னங்காலால் ஒரே தள்ளு. டேப் கீழே விழுந்தது. எங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி தூங்கப் போய்விட்டது.

வலது கண் அடுத்த மாதம். அது முடிந்ததும் தை பிறந்து வருகிறேன். பேரனும் வருவதாகச் சொல்கிறான். கருப்பனைப் புதைத்த இடத்தில் மாங்கன்று வைக்கப்போவதாக எழுதியிருந்தாயே, வைத்தாயா? ஒட்டுக்கன்றாகப் பார்த்து வை, நாம் இருவரும் பழம் சாப்பிட வேண்டாமா.

அன்புடன்,
ராமநாதன்