அந்த 'சும்மா' பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஒரு வாசகர், பேத்தியை அழைத்துவரப் போன அங்கன்வாடியில் 'பிள்ளைகள் பாட்டுக்கு விளையாடுகின்றன, டீச்சர் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்' என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தார். 31 வருடம் அப்படி உட்கார்ந்து பார்த்தவள் நான். நாற்காலியில் உட்கார்ந்த நாட்கள் குறைவு, பெரும்பாலும் பாயில்தான். அதனால் அந்த 'சும்மா' பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்கள் மையத்தில் மூன்றரை வயதுப் பையன் ஒருவன் இருந்தான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். கதை ஆரம்பித்தால் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விடுவான். ஆயாவுக்கு அவன் 'அடங்காப்பிடாரி'. எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அப்புறம் ஒரு கோடு போட்ட நோட்டில் அவனைப் பற்றித் தினமும் இரண்டு வரி எழுத ஆரம்பித்தேன். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுவது என்று ஒரு கட்டுப்பாடு. 'அடம் பிடித்தான்' என்று எழுதினால் அதில் என் எரிச்சல்தான் இருக்கும். 'பின்னாலிருந்து மூன்று தடவை கூப்பிட்டேன், திரும்பவில்லை. முன்னால் போய் நின்றதும் சிரித்தான்' என்று எழுதினால் அதில் பிள்ளை இருப்பான்.

இரண்டு மாதம் கழித்து நோட்டைப் புரட்டினால், அவன் திரும்பாத நாட்களில் எல்லாம் மூக்கு ஒழுகியிருக்கிறது. மற்ற நாட்களில் மெதுவாகக் கூப்பிட்டாலும் ஓடி வந்திருக்கிறான். வருடத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழு அவனைப் பார்த்த அன்று சளி இல்லை, 'நார்மல்' என்று குறித்துவிட்டுப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு நாள் பார்த்தவர்களுக்கு அந்த ஒரு நாள்தானே தெரியும்? நோட்டை அவன் அம்மா கையில் கொடுத்துக் காது டாக்டரிடம் அனுப்பினேன். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது, அதனால்தான் சளி பிடித்த நாட்களில் கூப்பிடுவது அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை. வைத்தியம் பார்த்தார்கள். அடுத்த பொங்கலுக்குள் 'நரி கதை இன்னொருவாட்டி சொல்லு டீச்சர்' என்று மடியில் வந்து விழுகிற அளவுக்கு ஆகிவிட்டான்.

எல்லாக் கவனிப்பும் நோயில் போய் முடியாது. ஒரு பெண் குழந்தை. 'அஞ்சு எண்ணு பார்ப்போம்' என்றால் வாயே திறக்காது. அதே குழந்தை சொப்பு வைத்து விளையாடும்போது நான்கு பொம்மைக்கும் தனக்குமாகத் தட்டு வைத்தது, ஒன்று குறைகிறது என்று கண்டுபிடித்து மூலையிலிருந்து தேங்காய்ச் சிரட்டை எடுத்து வந்து சரிக்கட்டியது. எண்ணத் தெரியுமா தெரியாதா? கேள்வி கேட்டிருந்தால் 'தெரியாது' என்றுதான் எழுதியிருப்பேன்.

இதெல்லாம் நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. இத்தாலி நாட்டுக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907-ல் ரோம் நகரத்து ஏழைக் குடியிருப்பில் தொடங்கிய பள்ளியில், மூன்று வயதுக் குழந்தை ஒன்று மரக்கட்டைகளைக் குழிகளில் பொருத்தி எடுத்துத் திரும்பப் பொருத்திக்கொண்டிருந்ததாம். அதன் கவனம் கலைகிறதா என்று பார்க்க மாண்டிசோரி மற்ற பிள்ளைகளைச் சுற்றிப் பாடச் சொன்னார். நாற்காலியோடு தூக்கி மேசை மேல் வைத்துப் பார்த்தார். குழந்தை கட்டைகளை மடியில் அணைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தது. 40 தடவைக்கு மேல்! அவர் குறுக்கே போய் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை, பார்த்தார், எண்ணினார். அந்த அம்மாள்தான் 1939-ல் நம் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தியவர்.

இப்போதைய நிலைமைக்கு வருகிறேன். 2021-லிருந்து கைபேசிச் செயலியில் வருகை, எடை, உயரம் எல்லாம் ஏற்ற வேண்டும். எடை, உயரம் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் சிக்னல் தேடித் திண்ணைக்கும் வாசலுக்கும் நடக்கிற நேரம் எந்த நேரம்? பிள்ளைகள் விளையாடுகிற நேரம். பிள்ளைகளைக் கையில் நோட்டோடு பார்க்கலாம், போனோடு பார்க்க முடியாது. போனைத் தூக்கியதுமே சொப்பை விட்டுவிட்டு 'போட்டோ, போட்டோ' என்று வரிசையாக நின்றுவிடும்.

தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் மையங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் காலையில் அரை மணி நேரம் செயலியும் பதிவேடும் கேட்காத நேரமாக விட்டால் போதும். ஒரு நாளைக்கு இரண்டு பிள்ளைகளைப் பற்றி எழுதினால்கூட மாதத்தில் எல்லாரையும் ஒரு சுற்று வந்துவிடலாம். இதற்கென்று அதிகாரிகள் புதிய படிவம் எதுவும் அச்சடித்து அனுப்பிவிட வேண்டாம், அது வேறு ஒரு வேலையாகிவிடும். கோடு போட்ட நோட்டே போதும்.

அந்த வாசகருக்கு ஒன்று. அடுத்த முறை போகும்போது 'இன்றைக்கு என்ன சொல்லிக்கொடுத்தீர்கள்' என்று கேட்காதீர்கள். 'என் பேத்தி இன்றைக்கு யாரோடு, என்ன விளையாடினாள்' என்று கேட்டுப் பாருங்கள். டீச்சருக்குப் பதில் தெரியவில்லை என்றால் மறுபடியும் பத்திரிகைக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
தென்காசி மாவட்டம்.