ஃபுட்பால் பேஜ் நடத்துற நண்பர்களுக்கு, எவ்ராவோட சிரிப்ப பத்தி ஒரு வேண்டுகோள்

எல்லாருக்கும் வணக்கம்.

திங்கக்கிழமை காலைல போனை எடுத்தா மொத ஆளா பிரான்ஸோட பழைய ஃபுட்பால் வீரர் பத்ரிஸ் எவ்ரா தான் வர்றாரு, "ஐ லவ் திஸ் கேம்"னு கத்திட்டு அந்த ஹா ஹா ஹா சிரிப்பு. பாண்டா டிரெஸ்ல ஆடுனது, சமைக்காத பச்சைக் கோழிக்கறிக்கு முத்தம் குடுத்தது எல்லாத்தையும் நானும் பாத்து ஷேர் பண்ணவன் தான். நீங்க அதை ரீல்ஸா வெட்டி போடுறதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல.

ஆனா போன வாரம் ஒரு பேஜ்ல, சின்ன வயசுல தனக்கு நடந்த பாலியல் கொடுமைய பத்தி அவரு பேசுன பேட்டில இருந்து ஒரு சின்ன துண்டை எடுத்து, கடைசில இதே சிரிப்ப ஒட்டி வச்சிருந்தாங்க. கீழ வரிசையா சிரிக்கிற எமோஜி. பாத்ததும் வயித்த பிசைஞ்சுது.

அவருக்கு என்ன நடந்துச்சுனு தெரிஞ்சா நீங்க அப்படி செய்ய மாட்டீங்கனு நம்புறேன். அப்ப அவருக்கு 13 வயசு, ஸ்கூல் தூரம்னு ஹெட்மாஸ்டர் வீட்லயே தங்குன பையன், அங்க தான் அது நடந்துச்சு. 24 வயசுல மொனாக்கோ கிளப்புக்கு ஆடிட்டு இருந்தப்ப போலீஸ் போன் பண்ணி, அந்த ஆள் மேல புகார் வந்திருக்கு, உங்களுக்கு ஏதாச்சும் நடந்துச்சானு கேட்டிருக்காங்க. இல்லனு சொல்லிட்டாரு. அந்த ஒரு "இல்ல" தான் அவர வருஷக்கணக்கா உறுத்திட்டு இருந்துச்சு. பெத்த அம்மா கிட்டயே ரொம்ப காலம் கழிச்சு தான் வாய் திறக்க முடிஞ்சுது, 2021ல சுயசரிதை வந்தப்ப தான் உலகத்துக்கே தெரிஞ்சுது. இப்படி ஒரு விஷயத்தை வெளிய சொல்ல என்ன தைரியம் வேணும்னு யோசிச்சு பாருங்க.

இன்னைக்கு பல பசங்களுக்கு அவர ரீல்ஸ்ல மட்டும் தான் தெரியும். செனகல் நாட்டு டக்கார்ல பொறந்து, பாரிஸ் பக்கத்துல லெஸ் உலிஸ்ல வளந்தவரு, பிரான்ஸ் ஸ்டார் தியரி ஹென்றி வளந்த அதே ஊரு. மான்செஸ்டர் யுனைட்டடுக்கு லெஃப்ட் பேக்கா, அதாவது இடது பக்க டிஃபெண்டரா, 379 மேட்ச், 5 லீக் பட்டம், 2008ல சாம்பியன்ஸ் லீக். 2011ல லிவர்பூல் வீரர் சுவாரஸ் நிறத்த சொல்லி இழிவா பேசுனாருனு இவரு புகார் குடுத்து, விசாரணைல அது உண்மைனு முடிவாகி சுவாரஸுக்கு 8 மேட்ச் தடை வந்துச்சு, அதுக்கப்புறம் எதிரணி ரசிகருங்க கிட்ட இவரு வாங்குன ஏச்சு கொஞ்சமில்ல. தப்பும் பண்ணிருக்காரு, மறைக்கல. 2010 உலகக் கோப்பைல பிரான்ஸ் டீமே பஸ்ல ஏறி உக்காந்துட்டு பயிற்சி செய்ய மறுத்தப்ப கேப்டன் இவரு தான், பிரான்ஸே காறித் துப்புச்சு. 2017ல, தான் அப்ப ஆடிட்டு இருந்த மார்செய் கிளப்போட ரசிகர் ஒருத்தர காலால ஒதச்சாரு, அதை நீங்க எத்தனை தடவ வேணா போட்டுக்கோங்க, அது அவரு செஞ்சது.

13 வயசுல நடந்தது அவருக்கு செய்யப்பட்டது. அதையும் இதையும் ஒரே தட்டுல வைக்காதீங்க.

அந்த மாதிரி துண்டு உங்க பேஜ்ல இருந்தா தயவுசெஞ்சு எடுத்துடுங்க. முடிஞ்சா முழுப் பேட்டிய ஒரு நாள் போடுங்க. கீழ கமெண்ட்ல ஒரு பையன் தனக்கும் இப்படி ஆச்சுனு எழுதுனா, அங்க வந்து சிரிக்கிற எமோஜி போடுறவனை மொதல்ல பிளாக் பண்ணுங்க.