பார்லரில் எதற்கு ஊசி?

ஆசிரியருக்கு,

முகூர்த்த மாதம் வந்தாலே பேப்பருக்குள் செருகி வரும் நோட்டீஸ்களும் கூடிவிடும். போன வாரம் வந்த ஒன்றில் மணப்பெண் பேக்கேஜ் என்று போட்டு மெஹந்தி, பேஷியல், அப்புறம் 'கலர் தரும் குளுட்டாதயோன் டிரிப்' என்று ஒரே வரிசையில் அடித்திருந்தார்கள். கையில் வைக்கிற மருதாணியும் நரம்பில் ஏற்றுகிற மருந்தும் ஒன்றா? டாக்டர் பெயர் இல்லை, பதிவு எண் இல்லை, தள்ளுபடி மட்டும் கொட்டை எழுத்தில்.

வெளுப்புதான் அழகா என்ற சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். சருமத்தை வெளுக்கவைக்க என்று குளுட்டாதயோன் ஊசிக்கு நம் நாட்டில் அனுமதியே கிடையாது. உதட்டைத் தடிப்பாக்க ஊசியில் போடும் பில்லர் தவறிப்போய் ரத்தக் குழாய்க்குள் இறங்கினால் அந்த இடத்துத் தோல் அழுகலாம், பார்வைகூடப் போகலாம். ஹயலூரானிக் ஆசிட் பில்லராக இருந்தால் அதைக் கரைக்க ஹயலூரானிடேஸ் என்ற மருந்து இருக்கிறது, ஆனால் தாமதிக்காமல் போட வேண்டும். அது எந்த பார்லரில் இருக்கும்?

அமெரிக்காவின் ஆல்புகர்க்கியில் உரிமம் இல்லாத ஒரு ஸ்பாவில், சொந்த ரத்தத்தையே எடுத்து முகத்தில் ஊசியால் ஏற்றும் 'வேம்பயர் பேஷியல்' செய்துகொண்ட பெண்களுக்கு எச்ஐவி தொற்றியது. 2018-இல் அதிகாரிகள் உள்ளே போய்ப் பார்த்தபோது, பிரிட்ஜில் சாப்பாட்டுப் பொருட்களோடு ரத்தம் எடுத்த டியூப்களும் ஊசி மருந்துகளும் கிடந்தனவாம்.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? 2016-இல் சென்னையில் முடி நடச் சென்ற மருத்துவ மாணவர் ஒருவர் இறந்தார். அந்த இடத்துக்கு இருந்தது சலூன் உரிமம்தான் என்று அப்போது செய்தி வந்தது. யூடியூப் பார்த்துக் கற்றது பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் டாக்டர்களுக்கே சொல்ல வேண்டியிருந்தது என்றால், நாலு நாள் கோர்ஸ் முடித்துவிட்டு ஊசி எடுப்பவர்களை என்ன சொல்வது?

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-லேயே வந்துவிட்டது. கிளினிக் என்று போர்டு வைத்தவரிடம் சான்றிதழ் கேட்கிறார்கள், சரி. ஸ்டூடியோ, லவுஞ்ச் என்று போர்டு வைத்துக்கொண்டு அதே ஊசியைப் போடுகிறவரிடம் கேட்பது யார்? நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகங்கள் போர்டைப் பார்க்காமல் குப்பைத் தொட்டியைப் பார்க்கட்டும். சிரிஞ்சும் காலி மருந்துக் குப்பியும் கிடந்தால் டாக்டரின் பதிவு எண்ணைக் கேட்கட்டும், இல்லையென்றால் கல்யாண சீசன் முடியும் முன்பே சீல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி