சுவோன் கோட்டைய ‘புதுசு’ன்னு தள்ளிடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை பயணப் பக்கத்துல தென்கொரியா பத்தி வந்தத படிச்சேன், சியோல் அரண்மனைங்க பத்தியெல்லாம் நல்லா விவரமாத்தான் இருந்துச்சு. ஆனா சுவோன் ஊருக்கு ரெண்டே வரி, அதுலயும் ‘கோட்டையில நிறைய இடம் 1970கள்ல திரும்ப கட்டினது, டைம் இருந்தா போகலாம்’னு முடிச்சிட்டீங்க. எனக்கு மனசு கேக்கல, அதான் எழுதுறேன். ஏப்ரல்ல பொண்ணு வீட்டுக்கு சியோல் போயிருந்தப்ப ஒரு நாள் முழுக்க அந்த மதில சுத்தி நடந்தவ நான்.

திரும்ப கட்டினதுன்னு நீங்க போட்டது உண்மைதான். கொரியப் போர்ல வடக்கு வாசல் ஜாங்ஆன்முன் மேல இருந்த மண்டபமே போயிடுச்சு, 1975ல இருந்து 1979 வரைக்கும் வேலை பாத்துதான் நிமித்தியிருக்காங்க. ஆனா எத வச்சு கட்டினாங்கன்னு ஒரு வரி போட்டிருக்கணும் சார். இந்த ஹ்வாசோங் கோட்டைய 1794ல ஆரம்பிச்சு 1796ல முடிச்சாங்க, முடிச்ச கையோட மொத்த வேலையவும் ஒரு புக்கா எழுதி வச்சாங்க, அது 1801ல அச்சாச்சு, பேரு ஹ்வாசோங் சோங்யோக் உய்க்வே. வாசல் ஒவ்வொண்ணுக்கும் படம், என்ன கல்லு, எவ்ளோ செங்கல், எந்த சைஸ் ஆணி, தூக்குற மெஷினோட பாகம் பாகமா வரைபடம், எல்லாமே அதுல இருக்கு. அதுக்கு மேல, வேலை செஞ்ச கல்தச்சர், ஆசாரி, கொல்லர் இவங்க பேரு, எத்தனை நாள் வேலை, எவ்ளோ கூலின்னு கூட எழுதியிருக்காங்க. ராஜா பேரு நிக்கிறது எல்லா ஊர்லயும் உண்டு, கூலிக்காரர் பேரும் கூட சேந்து நின்னத நான் அங்கதான் பாத்தேன். அந்த புக்க பக்கத்துல வச்சுக்கிட்டுதான் திரும்ப கட்டினாங்க, 1997ல யுனெஸ்கோவும் உலக பாரம்பரிய இடம்னு ஏத்துக்கிட்டாங்க.

கட்டுன ராஜா ஜோங்ஜோ கதை தெரிஞ்சா இன்னும் ஒட்டிக்கும். இவரோட அப்பா இளவரசர் சாதோவ, தாத்தா ராஜாவே 1762ல அரிசி கொட்டி வைக்கிற மரப்பெட்டிக்குள்ள போட்டு அடைச்சிட்டார், எட்டு நாள்ல உள்ளயே உயிர் போயிடுச்சு. அப்ப ஜோங்ஜோவுக்கு பத்து வயசு. பெரியவனாகி ராஜாவானதும் 1789ல அப்பா சமாதிய சுவோன் பக்கம் மாத்தினார், அங்க இருந்த ஜனங்களுக்கு வேற இடத்துல புது ஊர் அமைச்சு குடுத்து, அந்த ஊர சுத்திதான் இந்த கோட்டை. 1795ல அம்மா ஹ்யேக்யோங்கோட அறுபதாவது பிறந்தநாளுக்கு ஹான் நதியில படகுங்கள வரிசையா கட்டி பாலம் போட்டு, சியோல்ல இருந்து பெரிய ஊர்வலமா கூட்டிட்டு வந்து, கோட்டைக்குள்ள இருக்குற ஹேங்குங் அரண்மனையில விருந்து வச்சிருக்கார். அம்மாவும் அப்பாவும் ஒரே வயசு, உயிரோட இருந்திருந்தா அப்பாவுக்கும் அதே வருஷம்தான் அறுபது. இத என் பொண்ணு சொன்னப்ப அந்த மண்டபத்துக்கு முன்னாடி கொஞ்ச நேரம் பேசாம நின்னுட்டேன்.

கட்டுன விதத்தையும் சொல்லியே ஆகணும். ஜோங் யாக்-யோங்னு ஒரு அறிஞர், அப்ப அவருக்கு முப்பது வயசு சுமார்தான், அவர்தான் பிளான் போட்டவர். கப்பி கப்பியா கோத்து பெரிய கல்ல கொஞ்சம் ஆளே தூக்குற மாதிரி கோஜுங்கின்னு ஒரு மெஷின் பண்ணினார். பத்து வருஷம் ஆகும்னு நெனச்ச வேலை மூணு வருஷத்துக்குள்ள முடிஞ்சதுக்கு அதுவும் ஒரு காரணம், இன்னொரு காரணம் வந்தவங்களுக்கு கூலி குடுத்தது, ஏன்னா அது வரைக்கும் சும்மா பிடிச்சிட்டு வந்து வேலை வாங்குறதுதான் வழக்கம். வெயில் காலத்துல சூடு தாங்கட்டும்னு வேலையாளுங்களுக்கு மருந்து உருண்டை அனுப்பியிருக்கார் ராஜா. வடக்குப் பக்கம் மதில் கோடு ஜனங்க வீட்டு மேல போகுதுன்னு தெரிஞ்சதும், வீட்ட இடிக்காதீங்க, மதில வளைச்சு கட்டுங்கன்னு சொல்லிட்டார். அதனாலதான் அங்க மதில் நேரா போகாம வளைஞ்சு போகுது.

இனி போற வழி, இத நீங்க பக்கத்துல போட்டா படிக்கிறவங்களுக்கு உதவும். சியோல் ஸ்டேஷன்ல ஒண்ணாம் நம்பர் மெட்ரோ லைன்ல ஏறினா சுமார் ஒரு மணி நேரத்துல சுவோன் ஸ்டேஷன், ஆனா அந்த லைன் குரோவுல ரெண்டா பிரியுது, இஞ்சோன் போற வண்டியில ஏறிட்டா வேற பக்கம் போயிடுவீங்க, போர்ட பாத்து ஏறணும். ஸ்டேஷன்ல இருந்து பஸ்லயோ டாக்ஸிலயோ பால்டால்முன், அதாவது தெற்கு வாசல். அது ரோட்டு நடுவுல தனியா நிக்கும், சுத்தி வண்டி ஓடும், ரெண்டு பக்கமும் மதில் இல்ல, மார்க்கெட்டும் கடையும் வந்துடுச்சு. பாத்து ஏமாந்து போகாதீங்க, பக்கத்துலயே பால்டால் மலை மேல ஏறுற படி இருக்கு, செங்குத்தா இருக்கும் ஆனா கொஞ்ச தூரம்தான், முட்டி வலி இருக்குறவங்க உக்காந்து உக்காந்து ஏறலாம். நான் போனப்ப செர்ரி பூத்து மதிலோரம் பூரா வெள்ளையா கெடந்துச்சு.

மேல சோஜாங்டே, படைத்தலைவர் நிக்கிற மேடை, அதோட பலகையில எழுத்து ராஜாவே எழுதினது. அங்க இருந்து ஊர் மொத்தமும் தெரியும், கீழ அரண்மனை, அதுக்கு அந்தப் பக்கம் அபார்ட்மென்ட் அபார்ட்மென்ட்டா. அப்படியே மேற்கு வாசல், வடக்கு வாசல்னு மதிலோட இறங்கி வந்தா ஹ்வாஹோங்முன், ஊருக்குள்ள ஓடுற ஓடைக்கு மேல ஏழு வளைவு வச்சு கட்டின தண்ணி வாசல். பக்கத்துல பாங்ஹ்வாசுரியுஜோங்னு ஒரு மண்டபம், கீழ சின்ன குளம், நடுவுல ஒரு தீவு, கரையில வில்லோ மரம். சண்டைக்கு காவல் நிக்கவும் ஆச்சு, உக்காந்து ரசிக்கவும் ஆச்சு. நாங்க சாயந்திரம் விளக்கு போடுற வரைக்கும் அந்த புல்லுலதான் உக்காந்திருந்தோம், உள்ளூர் குடும்பங்க பாய் விரிச்சு சாப்பாடோட வந்திருந்தாங்க. மொத்த சுத்து 5.7 கிலோமீட்டர், ரெண்டரை மூணு மணி நேரத்துல நடந்துடலாம்னு சொல்வாங்க, ஆனா நின்னு பாத்தா ஒரு நாள் ஓடிடும். பசிச்சா மார்க்கெட் பக்கம் முழுக் கோழிய பொரிச்சு தர்ற தெரு இருக்கு, கறி சாப்பிடாதவங்க கையில எதாவது எடுத்துட்டு போறது நல்லது.

ஜோங்ஜோ 1800லயே இறந்துட்டார், அச்சான புக்க அவர் பாக்கல. கோட்டை இடிஞ்சப்ப கை குடுத்தது அந்த புக்குதான். அதனால சார், அடுத்த தடவை கொரியா பத்தி போடும்போது ‘டைம் இருந்தா’ன்னு எழுதாதீங்க, சுவோனுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கன்னே போடுங்க, இடம் இருந்தா அந்த உய்க்வே புக்குல இருக்குற படம் ஒண்ணையும் பக்கத்துல சேத்து போடுங்க.

இப்படிக்கு,
உங்க பத்திரிகைய விடாம படிக்கிற ஒரு வாசகி