போருக்குப் பின் முதல் வேலை பரீட்சை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சண்டை ஓய்ந்த பகுதிகளில் பள்ளிகள் திறக்கப்பட்டன என்ற செய்தியோடு, விடுபட்ட பாடங்களை விரைந்து முடித்துத் தேர்வு நடத்தப்போவதாகவும் அறிவிப்பு வருவதுண்டு. உயர்நிலை வகுப்பு மாணவர்களைப் பள்ளியை விட்டு விரட்டுவது பல இடங்களில் இந்த அவசரம்தான்.

வகுப்பில் இவர்கள் சோம்பேறிகள்போலத் தெரிவார்கள். ஜன்னலையே பார்ப்பார்கள், சொன்னதை மறுபடி கேட்பார்கள், சின்னச் சீண்டலுக்கும் கை ஓங்குவார்கள். மாதக்கணக்கில் தூக்கம் கெட்டு, ஒவ்வொரு சத்தத்தையும் எடைபோட்டுப் பழகிய மூளைக்கு, ஒரு கணக்கின் 3 படிகளைச் சேர்த்துப் பிடித்துவைக்கத் தெம்பு இருக்காது. 'படிச்சு என்ன ஆகப்போகுது' என்பதும் திமிர்ப் பேச்சல்ல. அடுத்த மாதமே நிச்சயமில்லாதபோது 3 ஆண்டு கழித்துக் கிடைக்கும் சான்றிதழை யார் நினைப்பார்கள்? கூலி வேலையோ ஆயுதக் குழுவோ இன்றைக்கே சோறு போடுகிறது. பெண்பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு என்று சொல்லி அவசரக் கல்யாணம் பேசுகிறார்கள். இழப்பு அதோடு நிற்பதுமில்லை: இரண்டாம் உலகப் போரின்போது 10 வயதை எட்டிய ஜெர்மானிய, ஆஸ்திரியப் பிள்ளைகள் குறைவாகப் படித்ததையும், அதனால் 40 ஆண்டு கழித்தும் வருமானம் குறைந்திருந்ததையும் ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

எனவே முதல் 2 வாரம் மதிப்பெண் பேச்சே வேண்டாம். காலையிலேயே கரும்பலகையில் எழுதிய கால அட்டவணை, நாள்தோறும் மாறாமல் நடக்கட்டும். பாடம் 20 நிமிடத் துண்டுகளாக இருக்கட்டும். வீட்டுப்பாடத்தை வாயால் சொன்னால் நினைவில் நிற்காது, எழுதிப்போட வேண்டும். மணியைத் திடீரென அடிப்பது, மேசையைப் பிரம்பால் தட்டுவது, சொல்லாமல் நடத்தும் ஆபத்துக்கால ஒத்திகை எதுவும் கூடாது. கதவருகே உட்கார விரும்புகிறவரை அங்கேயே விடலாம்.

பிறகு 2 வகுப்பு கீழிருந்து தொடங்கி, யார் எங்கே நிற்கிறார் என்று பார்க்க வேண்டும். இயற்கணிதத்தில் தடுமாறுகிறவருக்கு விட்டுப்போனது பெரும்பாலும் பின்னமாக இருக்கும். அதைத் தொடாமல் சமன்பாட்டை எத்தனை முறை நடத்தினாலும் ஏறாது. கணக்குக்கும் மொழிக்கும் மட்டும் தினம் 1 மணி நேரம் நிலைவாரியாகப் பிரிக்கலாம், மற்ற பாடங்கள் சம வயதினரோடு. 16 வயதுப் பையனை நாள் முழுக்க 11 வயதுப் பிள்ளைகளோடு உட்காரவைத்தால் வெட்கத்திலேயே நின்றுவிடுவான்.

நல்லெண்ணத்தில் செய்யும் தவறு ஒன்று உண்டு: போரில் கண்டதைக் கட்டுரையாக எழுதச் சொல்வது. நடந்ததைச் சொல்லும்படி கட்டாயப்படுத்துவதை உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலே தவிர்க்கச் சொல்கிறது. தானாகப் பேசினால் கேட்டுக்கொண்டால் போதும். கொடுங்கனவும் திடுக்கிடலும் 1 மாதம் தாண்டியும் குறையாவிட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஆசிரியர்களும் இழவு கண்டவர்கள்தாம் என்பதை அதிகாரிகள் மறந்துவிடுகிறார்கள்.

இத்தனைக்கும் முன்னால் கட்டடத்திலிருந்து படையினர் வெளியேறியிருக்க வேண்டும், வெடிக்காத குண்டுகள் அகற்றப்பட்டிருக்க வேண்டும். பள்ளிகளைப் படை முகாமாக்கக் கூடாது என்று 2015 மே மாதம் ஓஸ்லோவில் முன்வைத்த பாதுகாப்பான பள்ளிகள் பிரகடனத்தை 100க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றிருக்கின்றன. ஆனால் அது சட்டப்படி கட்டுப்படுத்தாது.

தேர்வு வாரியங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மதிப்பெண் பட்டியலின் பிரதியைச் சண்டைப் பகுதிக்கு வெளியே வைத்திருங்கள். சான்றிதழ் எரிந்துபோனவர்களை நேர்முகத் தேர்வு வைத்தாவது உரிய வகுப்பில் சேருங்கள்.

இங்ஙனம்,
உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் பயிற்சியாளர்கள் சிலர்