செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: மலை வண்டிகளுக்கான சர்வீஸ் கணக்கு

தலைவர், பொருளாளர், நிர்வாகக் குழுவினர், ஓட்டுநர்-உரிமையாளர் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான நம் வாடகைக் கார் சங்கத்தின் அறிக்கை இது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் (ஆன்லைன் அனுமதிச் சீட்டு) வந்தது. நம் டிஎன் 43 (நீலகிரிப் பதிவு) வண்டிகளுக்கு அது தேவையில்லை என்பதால் அதைப்பற்றி இங்கு நீட்டவில்லை. நிர்வாகக் குழு இவ்வாண்டு முழு மூச்சாக எடுத்துக்கொண்ட வேலை ஒன்றுதான். மேட்டுப்பாளையம், குன்னூர், கோத்தகிரி, ஊட்டி, கூடலூர் என்று நாள் முழுக்க ஏறி இறங்கும் வாடகைக் காரை எப்போது சர்வீஸுக்கு விட வேண்டும் என்பதற்கு நமக்கென்று ஒரு கணக்கு வகுப்பது. அறிக்கையின் பெரும்பகுதி அதுவே.

கம்பெனி புத்தகத்தில் 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முந்தியதோ அது என்று போட்டிருக்கிறது. பெரும்பாலானோர் அந்த வரியோடு புத்தகத்தை மூடிவிடுகிறோம். அதே புத்தகத்தின் பின்பக்கங்களில், சின்ன எழுத்தில் இன்னொரு அட்டவணை இருக்கும். குறுகிய தூர ஓட்டம், நின்றபடி எஞ்சின் ஓடுவது, புழுதி, மலைப்பாதை, வாடகை ஓட்டம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று வழக்கமாக இருந்தால் பின்பற்ற வேண்டிய அட்டவணை அது. நம் வண்டிகளுக்கு அந்த ஐந்தும் பொருந்தும். பல கம்பெனிகள் அங்கே ஆயில் இடைவெளியைப் பாதியாக்கிவிடுகின்றன. ஆனால் நமக்கு அந்தப் பாதியும் எல்லா வண்டிக்கும் போதும் என்று சொல்ல முடியாது. காரணம், கிலோமீட்டர் நம் ஊரில் சரியான அளவுகோல் இல்லை.

சமவெளியில் மணிக்கு 50 கி.மீ. சராசரியில் 10,000 கி.மீ. ஓடிய எஞ்சின் 200 மணி நேரம் உழைத்திருக்கிறது. நம் வண்டி இரண்டாவது, மூன்றாவது கியரில், சீசன் நெரிசலையும் சேர்த்து, சராசரி 20-ஐத் தாண்டுவது அபூர்வம். அதே 10,000 கி.மீ.க்கு இங்கே 500 மணி நேரம் ஆகிவிடும். ஆயிலுக்கு டயர் எத்தனை சுற்று சுற்றியது என்பது தெரியாது. எத்தனை மணி நேரம் சூட்டில் அடிபட்டோம் என்பதுதான் அதற்குக் கணக்கு.

ஆகவே குழு பரிந்துரைக்கும் சூத்திரம்: ஆயில் மாற்றிய அன்று டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். சராசரி வேகம் என்ன காட்டுகிறதோ அதை 200-ஆல் பெருக்குங்கள். வரும் எண்ணே அடுத்த ஆயில் கி.மீ. ஊட்டிக்குள்ளேயே லோக்கல் டிரிப் அடிக்கும் வண்டியில் 18 காட்டினால் 3,600. கோவை விமான நிலையம் போய்வரும் வண்டியில் 30 காட்டினால் 6,000. சராசரி காட்டாத பழைய வண்டிக்கு, நோட்டில் தினமும் எஞ்சின் ஓடிய மணியை எழுதுவதே வழி. எவ்வளவு குறைவாக ஓடினாலும் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. இறக்கத்தில் கியரில் வரும்போது எஞ்சினுக்குச் சிரமமில்லையே, அதையும் ஏன் சேர்க்க வேண்டும் என்று கூட்டத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பூங்கா வாசலில் பார்ட்டிக்காகக் காத்திருக்கையில் எஞ்சினை ஓடவிடும் நேரம் அதைச் சரிக்கட்டிவிடுகிறது.

லோக்கல் வண்டிகளுக்கு இன்னொரு கேடும் உண்டு. டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் ஸ்டார்ட் செய்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து போட் ஹவுஸ், அங்கிருந்து ரோஜாப் பூங்கா என்று இரண்டிரண்டு கிலோமீட்டராக ஓட்டி அணைத்தால், ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. எரியாத பெட்ரோலும் நீராவியும் ஆயிலில் தங்கிவிடும். ஆயில் ஊற்றும் மூடியைத் திருப்பிப் பார்த்தால் அடியில் மோர் போல வெளுப்பாக ஒட்டியிருக்கும். அதைக் கண்டதும் ஹெட் கேஸ்கெட் (கூலன்ட் ஆயிலில் கலக்காமல் தடுக்கும் அடைப்பு) போய்விட்டது என்று பதற வேண்டாம். கூலன்ட் அளவு குறையாமல் இருந்து, டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) வெளுப்பு இல்லாமல் இருந்தால், அது வெறும் ஈரம். குன்னூர் வரை ஒரு நடை இறங்கி ஏறினால் போய்விடும். டிப்ஸ்டிக்கிலும் வெளுப்பு இருந்தால் வண்டியை நகர்த்தாதீர்கள்.

பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) டீசல் வண்டி வைத்திருப்போர் டிப்ஸ்டிக்கை எதிர்த்திசையிலும் கவனிக்க வேண்டும். டிபிஎஃப் எனும் புகைக்கரி வடிகட்டியில் சேரும் கரியை எரிக்கச் சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். அதற்காக எஞ்சின் கூடுதலாக டீசல் பீய்ச்சும். பாதியில் சாவியைத் திருப்பி அணைத்தால் அந்த டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்கும். நாலைந்து தடவை இப்படி நடந்தால் ஆயில் அளவு மேல் கோட்டைத் தாண்டி ஏறும். ஆயில் குறையாத நல்ல எஞ்சின் என்று மகிழ்வது இங்கேதான் தவறு. அந்த ஆயில் மெலிந்துபோனது. கொஞ்சம் வடித்துவிட்டுச் சமாளிக்காமல் முழுவதையும் மாற்ற வேண்டும். அணைக்கப் போகும்போது ஃபேன் வேகமாகச் சுற்றி, ஐடிலிங் வழக்கத்தைவிடச் சற்று உயர்ந்து, சூடான வாடை வந்தால் எரிப்பு நடக்கிறது என்று அறிக. பத்து நிமிடம் ஓட்டி முடித்துவிட்டு அணையுங்கள். நல்ல சுமையோடு மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரே மூச்சில் ஏறுவது டிபிஎஃப்-க்கு நல்ல மருந்து. லோக்கல் வண்டிகள் வாரத்துக்கு ஒரு முறையாவது அப்படி ஏற வேண்டும். ஏறி முடித்ததும் டர்போ தணிய ஒரு நிமிடம் ஐடிலில் விட்டுப் பிறகு அணைக்க வேண்டும்.

இனி பிரேக். குழு அதிக நேரம் செலவிட்டது இதில்தான்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 325. இறங்கும் 1,900 மீட்டர் உயரத்தின் ஆற்றலையும் பிரேக்கிலேயே கரைத்தால், 80 கி.மீ. வேகத்திலிருந்து முழுதாக நிறுத்துவதைச் சுமார் 75 முறை செய்த சூடு அந்த நான்கு சக்கரங்களில் சேரும். வண்டியின் எடை எதுவானாலும் இந்த விகிதம் மாறாது. பர்லியாறு தாண்டி அடிவாரம் நெருங்கும்போது காற்றும் சூடு, காற்று வாங்கும் நேரமும் குறைவு. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

பெடல் இரண்டு விதமாகக் கைவிடும். கல் போல இறுகியிருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் கட்டை) சூடேறி வழுக்குகிறது. பஞ்சு போல உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. இரண்டாவதுதான் ஆபத்து. டாட் என்பது பிரேக் ஆயிலின் தர எண். டாட் 3 ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 டிகிரி, ஈரம் ஏறியபின் 140. டாட் 4-க்கு 230, 155. இந்த ஆயில் காற்றின் ஈரத்தைத் தானாக உறிஞ்சும். ஆறு மாதம் பனிமூட்டத்திலும் மழையிலும் கிடக்கும் ஊரில் சொல்லவா வேண்டும். புத்தகம் பொதுவாக இரண்டு வருடம் என்கிறது. நமக்கு வருடத்துக்கு ஒரு முறை, ஏப்ரல் சீசனுக்கு முன். டாட் 4, சீல் உடைக்காத டின். திறந்து வைத்த மீதியை அடுத்த வண்டிக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. பழையது முழுக்க வெளியேற அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் பிடிக்கும். மேலே டப்பாவில் மட்டும் உறிஞ்சி எடுத்துப் புதியதை ஊற்றி, பிரேக் ஆயில் மாற்றியாகிவிட்டது என்று பில் போடும் இடங்கள் உண்டு. கொதிப்பது கேலிப்பரில் (சக்கரத்தில் பேடை அழுத்தும் பிடி) இருக்கும் ஆயில். நான்கு சக்கரத்தின் நிப்பிளிலும் (ஆயிலை வடிக்கும் திருகு) புது நிறம் வரும்வரை பக்கத்தில் நின்று பாருங்கள். ஏபிஎஸ் வண்டியில் நடுவே டப்பா காலியாகி காற்று உள்ளே போனால், ஸ்கேனர் இல்லாமல் காற்று எடுப்பது பெரும்பாடு.

பேடை 5,000 கி.மீ.க்கு ஒரு முறை சக்கரத்தைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து தெரிவது வெளிப் பேட் மட்டும். கேலிப்பர் பின் இறுகியிருந்தால் வெளிப் பேட் 7 மி.மீ. இருக்க, உள் பேட் இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். பின்னைக் கழற்றி, துடைத்து, ரப்பரைக் கெடுக்காத சிலிகான் கிரீஸ் தடவி, விரலால் தள்ளினால் வழுக்கி ஓட வேண்டும். சாதாரண சேசிஸ் கிரீஸ் வைத்தால் பின்னை மூடும் ரப்பர் பூட் உப்பி மறுபடி இறுகும். சமவெளியில் 2 மி.மீ. வரை ஓட்டலாம் என்றால் நாம் 4-இல் மாற்றிவிட வேண்டும். மெல்லிய பேட் சூட்டை நேராகப் பிஸ்டனுக்குக் கடத்தும், ஆயில் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் மேலேயே பொறித்திருக்கும். வெர்னியர் வைத்துப் பாருங்கள், கண்மதிப்பு வேண்டாம். பின்பக்க டிரம்மை 10,000 கி.மீ.க்கு ஒரு முறை திறந்து தூசி துடைத்து, வீல் சிலிண்டர் ரப்பருக்குள் கசிவு பார்த்து, அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். பின் பிரேக் வேலை செய்யாத வண்டியில் முன் பேட் கூடுதல் சுமை தாங்கித் தீய்கிறது. அதற்கு மறுபடி மறுபடி பேட் மாற்றிப் பயனில்லை.

வழியில் பெடல் இறங்கினால்: கியரைக் குறைத்து ஓரங்கட்டி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். அரை மணி நேரம் ஆறட்டும். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் கோணும், வெடிக்கவும் செய்யும். சூடான டிரம்மில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைக்கவும் வேண்டாம்.

மற்றவற்றைச் சுருக்கமாக வைக்கிறேன். ஏர் ஃபில்டரை 5,000-இல் தட்டிச் சுத்தம் செய்து 20,000-இல் மாற்றலாம். எஸ்டேட் மண் ரோட்டில் ஓடுபவர்கள் 10,000-இல். காற்றை உள்ளிருந்து வெளியே ஊத வேண்டும், மாற்றி ஊதினால் தூசி காகிதத்துக்குள் குத்தி நிற்கும். டீசல் ஃபில்டரின் தண்ணீரை 5,000-க்கு ஒரு முறை வடியுங்கள். கியர் ஆயிலுக்கு 40,000. இதில் ஒரு எச்சரிக்கை: ஜிஎல்-4 (கியர் ஆயிலின் தர எண்) கேட்கும் கியர் பாக்ஸில் அதிக நம்பர் நல்லது என்று ஜிஎல்-5 ஊற்றினால், அதிலுள்ள கந்தகச் சேர்மம் பித்தளை சின்க்ரோ வளையத்தை அரிக்கக்கூடும். பின் டிஃபரென்ஷியலுக்கு ஜிஎல்-5 சரி. இரண்டும் வேறு டின்.

கூலன்டுக்கு இரண்டு வருடம் அல்லது 40,000 கி.மீ. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஊட்டியில் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எஞ்சினில் அது கொதிக்காமல் இருப்பது ரேடியேட்டர் மூடி பிடித்து வைத்திருக்கும் அழுத்தத்தாலும் கூலன்டாலும். மூடியின் ரப்பர் தளர்ந்த வண்டி கீழே தாக்குப்பிடித்தாலும் மேலே பொங்கும். ரேடியேட்டரை மாற்றச் சொன்னால், முதலில் அந்த மூடியை மாற்றிப் பாருங்கள்.

முன்சக்கர டிரைவ் வண்டிகளில் ஆக்ஸில் பூட் (ஆக்ஸில் ஜாயின்டை மூடும் ரப்பர் உறை) நம் பாதையில் சீக்கிரம் கிழியும். குன்னூர் பாதையின் 14, கல்லட்டியின் 36 கொண்டை ஊசிகளிலும் ஸ்டியரிங் முழுக்கத் திரும்புவதால் வெளிப் பூட்டின் மடிப்பு ஒவ்வொரு முறையும் நசுங்கி விரிகிறது. ரிம்மின் உட்புறம் கிரீஸ் தெறித்திருந்தால் அன்றே பூட்டை மாற்றுங்கள். வளைவில் டக் டக் என்று சத்தம் வந்தபின் போனால் ஜாயின்டையே மாற்ற நேரிடும். டயர் இடமாற்றமும் அலைன்மென்ட்டும் 5,000-க்கு ஒரு முறை. சட்டப்படி பள்ளம் 1.6 மி.மீ. போதும், மழைக்கால இறக்கத்துக்கு 3 மி.மீ. வேண்டும்.

காற்று அழுத்தத்தில் வருடா வருடம் வரும் சண்டையையும் தீர்த்துவிடலாம். மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரியில் 33 பிஎஸ்ஐ அடித்த டயர், ஊட்டியின் 12 டிகிரியில் குளிரால் சுமார் மூன்றரை இழக்கும். வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே குறைவு என்பதால் கேஜ் அதில் சுமார் மூன்றைத் திருப்பிக் காட்டும். ஆக, மேலும் கீழும் ஏறத்தாழ 33-தான். டயர் ஆறிய நிலையில் எங்கே அடித்தாலும் சரி. ஓடிச் சூடான டயரைப் பார்த்துக் காற்றை இறக்குவதுதான் தவறு.

கிளட்ச்: வளைவில் ஹாஃப் கிளட்சில் வண்டியைத் தாங்கி நிற்காமல் ஹேண்ட் பிரேக்கில் நிறுத்தி எடுத்தால் பிளேட் நீடிக்கும். தெரிந்த விஷயம், செய்வோர் குறைவு.

உத்தரவாதக் காலத்தில் உள்ள வண்டிக்கு ஓர் ஐயம் எழுந்தது. இடையில் கூடுதலாக ஆயில் மாற்றுவதால் உத்தரவாதம் போகாது. கம்பெனி குறித்த சர்வீஸைத் தவறவிட்டால்தான் போகும். இடைச் சர்வீஸிலும் கம்பெனி சொல்லும் தர எண்ணுள்ள ஆயிலையே ஊற்றி, பில்லில் கி.மீ., தேதி, ஆயில் தரம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும், பிறகு வருடாவருடமும் எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) காட்டுகிறோம். எஃப்சிக்கு முன் பெயின்ட் அடிக்கத் தவறுவதில்லை, பிரேக் ஆயில்தான் மறந்துபோகிறது.

அடிக்கடி ஆயில் மாற்றினால் கழிவும் கூடும். சிறிய பெட்ரோல் காரில் மூன்று லிட்டருக்கு மேல், பெரிய டீசலில் ஆறேழு லிட்டர். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி அது சாக்கடைக்குப் போகக் கூடாது. நம் சாக்கடைகள் நேரே ஓடையில் கலப்பவை. பழைய ஆயிலை மூடியுள்ள கேனில் சேர்த்து, அங்கீகாரம் பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்குக் கொடுக்கும் ஏற்பாட்டைக் குழு வரும் ஆண்டில் செய்ய இருக்கிறது.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு மூன்று தீர்மானங்கள் வைக்கிறேன். முதலாவது, சங்கத்தின் டிரிப் நோட்டில் எஞ்சின் மணி, சராசரி வேகம் என்று இரண்டு கட்டங்கள் சேர்ப்பது. இரண்டாவது, ஈரம் காட்டும் பிரேக் ஆயில் சோதனைப் பேனா ஒன்று வாங்கி ஸ்டாண்டில் வைப்பது. அதில் 3 சதவீதம் ஈரம் காட்டும் வண்டி பிரேக் ஆயில் மாற்றிய பிறகே மலையிறங்குவது. மூன்றாவது, வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இறங்குமுன், செப்டம்பர் கடைசி வாரத்தில் டயர், வைப்பர், பேட், பூட் நான்கையும் உறுப்பினர்கள் ஒருவர் வண்டியை மற்றவர் பார்ப்பது. தன் வண்டியைத் தானே பார்த்தால் போதாதா என்ற ஆட்சேபம் குறிப்பேட்டில் பதிவாகியுள்ளது. அதையும் இன்று விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்